திரும்பிப் போகிற கயிறு

ஜிம் மெஷினின் வயர் அறுந்தபோது அறையில் இருந்தது அண்ணாவும் நானும்தான். ஜிம்மை நடத்துகிற நானா கீழே தேத்தண்ணி வாங்க இறங்கியிருந்தார். அண்ணி சாம்பல்தீவில், வீட்டில். யாரை நம்பவைக்க இவ்வளவு பாடும் பட்டோமோ அந்தச் சம்மாட்டி, கடற்கரையில் தன்னுடைய வாடிக் கொட்டிலின் கூரைக்குக் கிடுகு மாற்றிக்கொண்டு நின்றார். ஆனால் எங்கள் ஊரில் இந்தக் கதையை இப்போது நன்றாகச் சொல்கிறவர்கள் அங்கே இல்லாத அந்த இரண்டு பேரும்தான். சம்மாட்டி சொல்லும்போது அண்ணா பறந்துபோய்ச் சுவரில் மோதுவார். அண்ணி சொல்லும்போது கூரைத் தகரம் அதிரும். இரண்டும் நடக்கவில்லை. நடந்தது எனக்கு அதைவிட விசித்திரமாகப் பட்டது. அதனால்தான் எழுதுகிறேன்.

சம்மாட்டி என்றால் கரைவலைக்குச் சொந்தக்காரர். படகு போய் வலையைக் கடலில் அரைவட்டமாக வளைத்துவிட்டு வரும். வலையின் இரண்டு முனையிலிருந்தும் இரண்டு வடம் கரைக்கு நீளும். ஒவ்வொரு வடத்திலும் ஆட்கள் வரிசையாகக் கடலைப் பார்த்து நின்று, இடுப்பில் கட்டின துண்டுக் கயிற்றை வடத்தில் கொழுவிக்கொண்டு, பின்னுக்குச் சாய்ந்து, பின்னுக்கே நடந்து இழுப்பார்கள். எங்கள் அப்பா அப்படி இழுத்தவர். அண்ணா மீசை அரும்ப முதலே இழுக்கத் தொடங்கினவர். நான் இழுத்ததில்லை. வீட்டில் ஒரு ஆளையாவது படிப்பிப்பது என்று முடிவெடுத்த பிறகு, நான் வடத்துக்குக் கிட்டப் போனாலே அண்ணா கலைப்பார். கை தடித்தால் பேனை பிடிக்க ஏலாது என்பது அவருடைய எண்ணம். அது சரியா பிழையா என்று கேட்க வீட்டில் பேனை பிடித்த ஆள் வேறு யாரும் இருக்கவில்லை.

இப்போது நான் திருகோணமலை நகரத்தில் ஒரு அலுவலகத்தில் கணினிக்கு முன்னால் இருக்கிறேன். கதிரையில் இருந்தே என் முதுகு கெட்டது. அண்ணாவுக்கு இழுத்தே கெட்டது.

போன பருவத்தின் கடைசிக் கிழமைகளில், வடம் பாதி வந்துகொண்டிருக்கும்போது அவருக்கு முதுகு பிடித்துவிட்டது. மணலில் அப்படியே முழங்காலில் இருந்துவிட்டார். பொடியன்கள் தூக்கிக்கொண்டு வந்து வீட்டில் போட்டார்கள். ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்து, எலும்பில் பிழை இல்லை, தசைதான் பலவீனம், கொஞ்சம் கொஞ்சமாகப் பலப்படுத்த வேண்டும் என்றார்கள். பயிற்சிப் பகுதியில் இருந்த பெண், இருந்துகொண்டு இழுக்கிற பயிற்சி நல்லது, நகரத்தில் எங்கேயாவது அந்த மெஷின் இருக்கும், பாரம் குறைத்துத் தொடங்குங்கள் என்று சொன்னா.

சம்மாட்டி வேறு மாதிரிச் சொன்னார். மாரி முடிந்து கடல் அமர்ந்ததும் முதல் வளைப்புக்கு வரச் சொன்னார். முதுகு தாங்கினால் முன்பு போல வடத்தில் முழுப் பங்கு. தாங்காவிட்டால் மீன் தெரிகிற வேலை, அரைப் பங்கு. மீன் தெரிகிறது என்றால் வந்த மீனைச் சாதி பிரித்துப் பெட்டியில் போடுவது. அதை வயசாளிகளும் பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைகளும் செய்வார்கள். அண்ணாவுக்கு முப்பத்தைந்து வயது. "அரைப் பங்கெண்டா அரை ஆள்தானே" என்று அண்ணியிடம் சொன்னாராம். 

நான் முதலே சேர்ந்திருந்த ஜிம், துறைமுகப் பக்கம் போகிற வீதியில் ஒரு ஹார்ட்வெயார் கடைக்கு மேல்மாடி. யன்னலால் பார்த்தால் கோதுமை மா ஆலைக்கு வந்த கப்பலின் மூக்கு தெரியும். நடத்துகிறவர் கிண்ணியாக்காரர். வெளிநாட்டில் ஹோட்டல் ஒன்றின் ஜிம்மில் வேலை செய்துவிட்டு வந்து, பழைய மெஷின்கள் சிலது வாங்கிப் போட்டிருக்கிறார். முஸ்லிம் ஆட்கள் அண்ணனைக் கூப்பிடுகிற மாதிரி, சின்ன ஆட்கள் எல்லாம் அவரை நானா என்றுதான் கூப்பிடுவோம்.

அந்த மெஷினை முதல் முறை பார்த்தபோது எனக்கு அது விளங்கவில்லை. ஏறி இருக்க நீளமான ஒரு வாங்கு. முன்னால் கால் மிதிக்க இரண்டு தட்டு. அதற்கு அப்பால் இரும்புத் தட்டுகள் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கியிருக்கும். எத்தனை தட்டு வேண்டுமோ அந்த இடத்தில் ஒரு ஊசியைச் செருக வேண்டும். அடுக்கிலிருந்து ஒரு வயர் கப்பிகளில் ஏறி இறங்கி எங்கள் கைக்கு வரும். முனையில் பிடி. இருந்து, பிடியை வயிற்றுக்கு இழுத்து, திரும்ப விட வேண்டும். அவ்வளவுதான். மெஷினில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரில் ஆங்கிலத்தில் இதன் பெயர் இருந்தது. அகராதியில் பார்த்தேன். துடுப்பு வலித்தல் என்று போட்டிருந்தது. தோணியும் இல்லை, தண்ணியும் இல்லை, எங்கேயும் போகவும் இல்லை. இருந்தும் அதற்குப் பெயர் அதுதான்.

நான் செய்யத் தொடங்கி ஒரு மாதத்துக்குப் பிறகுதான் கையால் இழுக்காமல் முதுகால் இழுப்பது என்றால் என்னவென்று பிடிபட்டது. தோள்பட்டை எலும்புகள் இரண்டும் பின்னால் ஒன்றையொன்று தேடிப் போகும். அந்த இடத்தில் எனக்கு இப்படி இரண்டு எலும்பு இருக்கிறதென்றே அதுவரை தெரியாது. அலுவலகத்தில் கோப்பு எடுக்கக் கை நீட்டும்போதெல்லாம் அதை இரகசியமாக அசைத்துப் பார்ப்பேன். அண்ணாவுக்கு இது சுகமாக வரும், அவர் வாழ்நாள் முழுக்கச் செய்தது இதைத்தானே என்று நினைத்தேன்.

முதல் நாள் அவரை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு வந்தேன். சாரத்தை மாற்றி என்னுடைய காற்சட்டை ஒன்றைப் போட்டிருந்தார். பஸ் நிலையத்துக்குக் கிட்ட, நகரத்துக்குள் திரிகிற மான்கள் குப்பையைக் கிளறிக்கொண்டு நின்றதில் நாங்கள் கொஞ்சம் நிற்கவேண்டி வந்தது. திரும்பிப் போவோமா என்று அப்போது ஒரு தரம் கேட்டார். நான் ஹோர்னை அடித்து மான்களை விலக்கினேன்.

நானா அவரை வாங்கில் இருத்தி, காலை மிதிக்க வைத்து, நாலு தட்டுக்கு ஊசி போட்டார்.

"மெதுவா இழுங்க தம்பி. வலிச்சா உடன சொல்லணும்."

"வலிக்கச் சொல்லித்தானே கூட்டிக்கொண்டு வந்தனீங்கள்" என்றார் அண்ணா.

நானாவுக்கு விளங்கவில்லை. எங்களுக்கு வலிப்பது தண்டு, தோணியின் துடுப்பு. உடம்பில் வருவது நோ. நானா பயிற்சி வீடியோக்களை எல்லாம் இந்தியாத் தமிழில் பார்க்கிறவர். நான் நடுவில் நின்று விளங்கப்படுத்த, அவர் சிரித்துவிட்டு, "அப்ப நொந்தா சொல்லுங்க, வலிக்கிறது வலிச்சுக்கொண்டே இருங்க" என்றார்.

அண்ணா இழுத்தார். நான் நினைத்தது சரி. முதுகு அப்படியே நிமிர்ந்து, முழங்கை விலாவோடு உரசி, பிடி வயிற்றில் வந்து நின்றது. நானா என்னைத் திரும்பிப் பார்த்தார். எனக்கு ஒரு மாதமாகச் சொல்லிக் களைத்ததை இந்த மனிசன் சொல்லாமலே செய்கிறாரே என்ற பார்வை.

அடுத்த நொடி அண்ணா பிடியை விட்டுவிட்டார்.

நாலு தட்டும் ஒன்றாக விழுந்தன. பிடி பாம்பு போலப் பாய்ந்து கப்பியில் அடித்தது. கீழே ஹார்ட்வெயார் கடையில் கதை நின்று, யாரோ மேலே என்ன விழுந்தது என்று கூப்பிட்டுக் கேட்டார்கள். அண்ணா எங்களைவிடக் கூடத் திடுக்கிட்டிருந்தார். தன் கையைப் பார்த்தார்.

கை வழுக்கியிருக்கும் என்று நானா துவாய் கொடுத்தார். இரண்டாம் தரமும் இழுப்பு அழகாக வந்தது; வயிற்றுக்கு வந்ததும் கை விரிந்துவிட்டது. மூன்றாம் தரம், விடக்கூடாது, கையோடு திரும்பப் போக வேண்டும் என்று நான் சொன்னேன். அப்போது விடவில்லை. ஆனால் திரும்பப் போகவும் இல்லை. பிடியை வயிற்றோடு அணைத்துக்கொண்டு வாங்கில் பின்னுக்கு அரக்கி அரக்கிப் போகப் பார்த்தார். கால் தட்டை விட்டு வந்தது. நானா ஓடிப்போய்ப் பிடித்தார்.

இப்படியே பல நாள் போனது. இழுப்பதில் ஒரு குறையும் இல்லை. திரும்ப விடுவதில்தான் எல்லாக் குழப்பமும். பயிற்சிப் பகுதிப் பெண்ணிடம் போய்க் கேட்டேன். இழுக்கிறது பாதி வேலை, பாரத்தைத் தாங்கிக்கொண்டு மெல்ல மெல்ல விடுகிறதுதான் மற்றப் பாதி, முதுகு பலப்படுவது அதிலும்தான், அதை விட்டுவிட்டுச் செய்தால் அரைவாசிப் பலன்தான் என்றா. அரைவாசி என்ற சொல்லை அண்ணாவிடம் நான் சொல்லவில்லை.

அதற்குள் ஊரில் கதை பரவிவிட்டது. சம்மாட்டி தேத்தண்ணிக் கடையில் வைத்து, "ஜிம்முக்குப் போறானாமே, கண்ணாடி பாக்கவோ?" என்று கேட்டாராம். கேட்டவர்கள் சிரித்ததை அண்ணாவே எனக்குச் சொன்னார், தானும் சிரித்துக்கொண்டு. ஆனால் அடுத்த நாள் எனக்கு முன்னால் மோட்டார் சைக்கிளுக்குக் கிட்ட வந்து நின்றார்.

ஏன் விடுகிறார் என்று எங்கள் மூன்று பேருக்கும் மூன்று எண்ணம். நானா, விரலில் பிடி குறைவு என்றார். அதை நம்ப ஏலாது. அண்ணாவிடம் கை கொடுத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும். அண்ணி, அவருக்கு இதில் மனமில்லை, அதுதான் வேண்டுமென்று சத்தம் போடுகிறார் என்றா. எனக்கு, பயமாக இருக்குமோ என்று பட்டது. வடத்தில் முதுகு பிடித்த அந்த நொடி உடம்புக்கு ஞாபகம் வந்து, பாரம் உச்சத்துக்கு வரும்போது கை தானாக விட்டுவிடுகிறதோ? இதை நான் கெட்டித்தனமான விளக்கமாக நினைத்து அவரிடம் கேட்டும்விட்டேன். "இல்லை. விடுறனெண்டே எனக்குத் தெரியேல்ல" என்றார்.

அந்தப் பதில்தான் என்னைப் பிடித்துக்கொண்டது. தெரியாமல் ஒரு கை எப்படி விடும்?

ஒரு சனிக்கிழமை அவரையும் அண்ணியையும் கடற்கரைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். மாரிக் கடல் இன்னும் கறுத்துக்கொண்டு கிடந்தது. படகுகள் எல்லாம் மேலே ஏற்றிக் கவிழ்த்திருந்தன. நான் ஒரு பழைய வடத்துண்டை எடுத்து, தண்ணிப் பக்கம் நிற்கிற முளை ஒன்றில் ஒரு சுற்றுப் போட்டு, மறு முனையை அண்ணியிடம் கொடுத்தேன். அண்ணா இழுக்க இழுக்க அவ கொஞ்சம் கொஞ்சமாக இளக்க வேண்டும், கடல் மாதிரி. அவ கட்டைபறிச்சானில் பிறந்த வயல்காரப் பிள்ளை. வடம் பிடித்துப் பழக்கமில்லை. "என்னைக் கடலெண்டு சொன்ன முதல் ஆள் நீங்கதான் தம்பி" என்று சொல்லிக்கொண்டு, சீலையை இழுத்துச் செருகி நின்றா. அண்ணாவிடம், வழமையாக எப்படி இழுப்பீர்களோ அப்படியே இழுங்கள் என்றேன்.

இடுப்புக் கயிற்றைக் கொழுவினார். சாய்ந்தார். பின்னுக்கு நடந்தார். வலை இழுக்கும்போது பாடுகிற அம்பா பாட்டின் தாளம் வாயில் முணுமுணுப்பாக வந்தது. ஒவ்வொரு எட்டுக்கும் வடம் இறுகி வந்தது. மணல்மேட்டுக்கு ஏறினதும், எந்த யோசனையும் இல்லாமல், கொழுவியைக் கழற்றி வடத்தை விட்டுவிட்டு, விறுவிறு என்று தண்ணிப் பக்கம் நடந்தார். அங்கே போய்த் திரும்ப வடத்தைப் பிடிக்கக் குனிந்தார். வடம் அங்கே இல்லை. எதிர்ப்பக்கம் இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்ற அண்ணி அதையும் கொண்டு மல்லாக்க விழுந்திருந்தா.

"ஏன் விட்டீங்க?" என்று கேட்டேன்.

"முன்னால பொடியள் பிடிச்சிருப்பாங்கள்தானே" என்றார்.

சொல்லிவிட்டு முன்னால் பார்த்தார். ஒருவரும் இல்லை. வெறும் மணல்தான் கிடந்தது.

வடத்தில் இழுக்கிற முறை அது. வரிசையின் கடைசியில் நிற்கிறவர் மேட்டுக்கு வந்ததும் விட்டுவிட்டு ஓடிப்போய்த் தண்ணி விளிம்பில் முதல் ஆளாகக் கொழுவிக்கொள்வார். அவர் விடுகிற நேரம் மற்ற எல்லாரும் பிடித்திருப்பார்கள். வடம் ஒரு சாண்கூடத் திரும்பிப் போகாது, போகவும் கூடாது. இழுத்த கயிறு இழுத்ததுதான். இருபது வருசத்தில் அண்ணா ஒரு தரமாவது பாரத்தைத் தனியாகத் திருப்பி இறக்கி வைத்ததில்லை. அதற்குத் தேவை வந்ததில்லை. அந்த மெஷினில் இருந்தபோதும் அவருடைய கைக்கு முன்னால் ஆட்கள் நின்றார்கள்.

அண்ணி மணலைத் தட்டிக்கொண்டு எழும்பி, தன்னிடம் முதலே கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்றா. என்னவென்று சொல்லியிருப்பீர்கள் என்று கேட்டதற்கு, "இந்த மனிசன் சட்டி இறக்கினாலும் பாதியில விட்டிட்டுப் போறவர், பின்னால நான் பிடிப்பனெண்டு" என்றா.

நானாவிடம் இதைச் சொன்னபோது அவர் வாயைத் திறந்தபடி கேட்டார். பிறகு ஒரு பிளாஸ்டிக் பெட்டியைக் கொண்டுவந்து மெஷினின் முன் பக்கம், கால் தட்டுக்குப் பக்கத்தில் கவிழ்த்து வைத்து, என்னை அதில் இருக்கச் சொன்னார். "இவர்தான் உங்கட முன் ஆள். விடாதீங்க, இவர்ட கையில கொண்டுபோய்க் குடுங்க. குடுத்திட்டுத் திருப்பி வாங்குங்க."

அண்ணா இழுத்தார். பிடி வயிற்றுக்கு வந்தது. கை விரியப் பார்த்து நின்றது. நான் முன்னால் கையை நீட்டிக்கொண்டு இருந்தேன். அவர் என் கையைப் பார்த்துக்கொண்டே மெல்ல மெல்ல முன்னுக்கு வந்தார்.  பிடி என் விரலைத் தொட்டதும் நின்றார். தட்டுகள் சத்தமில்லாமல் ஒன்றின் மேல் ஒன்று வந்து இருந்தன.

"இழுக்கிறதிலயும் பாக்க இதுதான் கூடக் கஷ்டம்" என்றார். ஒரு புது ஊருக்கு வந்தவர் அந்த ஊர்த் தண்ணியைக் குடித்துப் பார்த்துச் சொல்கிற மாதிரி இருந்தது அவர் சொன்ன விதம்.

அதன் பிறகு எத்தனையோ காலை அந்தப் பெட்டியில் இருந்தேன். அவருடைய முதுகை முன்னாலிருந்து பார்க்க ஏலாது, முகத்தைத்தான் பார்க்கலாம். இழுக்கும்போது முகத்தில் ஒன்றும் இருக்காது. விடும்போது புருவம் சுருங்கும், உதடு அசையும். என்ன சொல்கிறீர்கள் என்று ஒரு நாள் கேட்டேன். என்னுடைய பெயரைத்தான் சொல்வதாகச் சொன்னார். முன்னால் ஆள் நிற்கிறதென்று கைக்கு ஞாபகப்படுத்த. பிறகு பெட்டி தேவைப்படவில்லை. தட்டுகள் கூடின. விறகு கொத்தினாலும் நோவில்லை என்றார். ஒரு பக்கம் சாய்ந்து நடந்தவர் நேராக நடந்தார். நானும் அவரைப் பார்த்துப் பார்த்து, விடுகிற பாதியை இவ்வளவு நாளும் நானும் ஒப்புக்குத்தான் செய்து வந்திருக்கிறேன் என்று கண்டுகொண்டு, திருத்திக்கொண்டேன்.

ஆனால் சம்மாட்டி வடத்தில் என்ன நினைப்பார் என்று மட்டும் எங்களுக்குத் தெரியாது. மெஷினில் தாங்கிய முதுகு கடலில் தாங்குமா? அண்ணாவுக்கும் அந்தக் கேள்விதான். முதல் வளைப்புக்கு இன்னும் சில நாள்தான் இருக்கிறபோது, நானா தேத்தண்ணி வாங்கக் கீழே போன நேரம் பார்த்து, ஊசியை எடுத்துக் கடைசித் தட்டில் செருகினார். முழு அடுக்கும்.

வேண்டாம் என்றேன். "அங்க போய் எல்லாருக்கும் முன்னால விழுறதிலும் பாக்க இங்க உனக்கு முன்னால விழுந்தாப் பரவாயில்லை" என்றார்.  உண்மையில் எனக்கும் பார்க்க வேண்டும் போல் இருந்தது.

அடுக்கு முழுதும் மேலே எழும்பினதை நான் அன்றைக்குத்தான் முதல் முறை கண்டேன். பிடி வயிற்றுக்குக் கிட்ட வந்துவிட்டது. ஒரு கணம் அங்கே நின்றது. பிறகு துணி கிழிகிற மாதிரி ஒரு சின்னச் சத்தம். தட்டுகள் விழுந்த சத்தம் அதற்குப் பிறகுதான் வந்தது. அண்ணா பிடியோடு பின்னுக்கு வாங்கிலிருந்து உருண்டு றப்பர் விரிப்பில் மல்லாக்க விழுந்தார்.

ஓடிப்போய்ப் பக்கத்தில் இருந்தேன். கண் திறந்திருந்தது. மேலே சுற்றுகிற காற்றாடியைப் பார்த்துக்கொண்டு அசையாமல் கிடந்தார்.

"அண்ணா."

"பொறு. கேட்டுக்கொண்டிருக்கிறன்."

"என்னத்தை?"

"முதுகை."

 கீழே கடையில் யாரோ இரும்பு வெட்டினார்கள். பருவம் முழுக்க, அண்ணியும் பிள்ளைகளும், அரையா முழுசா என்பதெல்லாம் அந்த விரிப்பில் கிடந்தது. மெல்ல ஒரு காலை மடித்தார். மற்றதை மடித்தார். பக்கவாட்டில் திரும்பி, கையை ஊன்றி, எழும்பி இருந்தார். கையில் இன்னும் அந்தப் பிடி இருந்தது. அதிலிருந்து ஒரு முழம் வயர் தொங்கினது.

"நான் விடேல்ல" என்றார். "அதுதான் விட்டது."

நானா பால் விடாத மூன்று பிளேன்ரீயைப் பையில் தொங்கவிட்டுக்கொண்டு படியேறி வந்தார். அவரைப் பார்த்ததும் அண்ணா பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி எழும்பி நின்றார். நானா முதலில் முதுகைத்தான் கேட்டார். குனியச் சொல்லி, நிமிரச் சொல்லி, காலை உயர்த்தச் சொல்லிப் பார்த்தார். அதற்குப் பிறகுதான் வயரை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். அறுந்த இடத்தில் உள் நூல்கள் பலது பழசாகக் கறுத்திருந்தன. ஒன்றிரண்டுதான் புதிதாக மினுங்கின. ஆரம்ப நாட்களில் அடுக்கு விழ விழ, பிடி பாய்ந்து கப்பியில் அடிக்க அடிக்க, உறைக்கு உள்ளே கொஞ்சம் கொஞ்சமாகத் தறிந்திருக்கிறது. இன்றைக்கு முழுப் பாரமும் வந்ததும் மிச்சமும் போய்விட்டது.

பிழை தன்னுடையது, முழுக் காசும் தருவேன் என்றார் அண்ணா. ஆரம்பத்திலேயே வயரைச் சோதித்திருக்க வேண்டியது தன் வேலை, அதனால் செலவும் தன்னுடையது என்றார் நானா. பஜாரில் விலை பேசுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்; இப்படி இரண்டு பேரும் தங்கள் பக்கம் விலையை ஏற்றிக்கொண்டு போனதை அன்றைக்குத்தான் கண்டேன். கடைசியில் நானா, சரியாகப் பாதி, அதற்கு மேல் ஒரு சதமும் வாங்க மாட்டேன், இல்லாவிட்டால் இந்தப் பக்கம் வரவேண்டாம் என்று முடித்துவிட்டார்.

நாங்கள் சாம்பல்தீவுக்குப் போய்ச் சேர முதல் கதை போய்ச் சேர்ந்திருந்தது. ஹார்ட்வெயார் கடையில் சீமெந்து ஏற்ற வந்த எங்கள் ஊர் லொறிக்காரப் பொடியன் கொண்டுபோயிருக்க வேண்டும். சுவரும் தகரமும் கதைக்குள் வந்தது அந்த வழியில்தான்.

முதல் வளைப்புக்கு நான் அரை நாள் லீவு போட்டுவிட்டுக் கரையில் நின்றேன். அண்ணா வடத்தில் கொழுவினார். சம்மாட்டி கையைப் பின்னால் கட்டிக்கொண்டு அவருடைய இடுப்பையே பார்த்துக்கொண்டு நின்றார். இழுப்பில் ஒரு குறையும் இல்லை. மேட்டுக்கு வந்தபோதுதான் புதுக் குழப்பம். விட வேண்டிய இடத்தில் அண்ணாவால் விட ஏலவில்லை. கையைத் திறக்காமல், வடத்தை மெல்ல மெல்ல முன்னால் நிற்கிறவனுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கப் பார்த்தார். பின்னுக்கு வந்துகொண்டிருந்த அவன் இவர் மேல் முட்டினான். வரிசை நெளிந்தது.

"என்ன மச்சான், கயித்தை விட்டுப் பிரிய மனமில்லையோ?" என்று முன்னால் நின்றவன் கேட்க, வரிசை முழுக்கச் சிரித்தது. அண்ணாவும் சிரித்தார். அடுத்த சுற்றிலும் ஒரு கணம் தயங்கித்தான் விட்டார். அதற்கடுத்த சுற்றில் கை பழையபடி திறந்துகொண்டது. எனக்கு அது கொஞ்சம் ஏமாற்றமாக இருந்ததென்றால் நம்புவீர்களோ தெரியாது. அவ்வளவு பாடுபட்டுக் கைக்குப் படிப்பித்ததை, ஆட்கள் பக்கத்தில் நின்றதும் கை மறந்துவிடுகிறதா, அல்லது மெஷினுக்கு ஒன்று வடத்துக்கு ஒன்று என்று இரண்டையும் வைத்திருக்கிறதா? பிறகு மெஷினில் பார்த்தேன். இரண்டையும்தான் வைத்திருக்கிறது.

வலையின் மடி கரைக்கு வந்தது. முக்கால்வாசி சொறிமுட்டை என்கிற ஜெலிமீன். மிச்சத்தில் காரலும் கொஞ்சம் சூடையுமாகச் சின்ன மீன். மீன் தெரிகிறவர்கள் குந்தியிருந்து பொறுக்கத் தொடங்கினார்கள். அண்ணா கை கழுவிக்கொண்டு ஒரு பக்கம் நின்றார். அந்தப் பெட்டிகளைப் பார்க்காமல் நிற்கப் பார்க்கிறார் என்று எனக்குத் தெரிந்தது.

சம்மாட்டி கிட்ட வந்தார். முதுகில் தன் உள்ளங்கையை வைத்து, மாடு பார்க்கிற மாதிரி ஒரு தரம் அழுத்திப் பார்த்தார்.

"நோகுதோ?"

"இல்லை."

"நாளைக்கும் வடத்தில நில்லு. என்ட வடத்தை மட்டும் அறுத்துப் போடாத."

முழுப் பங்கு என்ற சொல்லை அவர் சொல்லவில்லை. பங்கு பிரித்தபோதுதான் தெரிந்தது. சொறிமுட்டைக்கு யாரும் விலை தருவதில்லை என்பதால் அன்றைய முழுப் பங்கு வேறு நாளில் அரைப் பங்குக்கும் காணாது. ஆனாலும் அது முழுசு. அண்ணா அதைச் சட்டைப் பையில் வைத்துவிட்டு, வீட்டுக்குப் போகாமல் நேரே மோட்டார் சைக்கிளில் ஏறினார். நானாவிடம் போக வேண்டும் என்றார்.

புது வயர் கொழும்பிலிருந்து வந்திருந்தது. நானா அப்போதுதான் ஆளைப் பிடித்துப் பூட்டிக்கொண்டிருந்தார். வயர், ஒரு கப்பி, பஸ்ஸில் வந்த கூலி, பூட்டின ஆளுக்கு என்று சொல்லிக் கூட்டிப் பாதியாகப் பிரித்தார். அண்ணாவின் பங்குக் காசு முழுதும் போய், மிச்சத்தை நான் போட்டேன். எங்கள் பாதிக்குக் கட்ட வந்தது பத்தாயிரத்து எழுநூறு ரூபாய்.